சாலிசிலிக் அமிலம்: பருவுக்கு எதைச் செய்யும், எதைச் செய்யாது

மருந்துக்கடை அலமாரிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரி, மருவுக்கு வைக்கும் சொட்டு மருந்து, படர்தாமரைக்குத் தடவும் பழங்காலத்து விட்ஃபீல்டு களிம்பு, பொடுகு ஷாம்பு, பருவுக்கான ஃபேஸ்வாஷ், சீரம். வேறு வேறு கோளாறுக்கு, வேறு வேறு விலையில். ஆனால் இவற்றில் பலவற்றின் பின்பக்கத்தைத் திருப்பினால் ஒரே பெயர் கண்ணில் படும்: சாலிசிலிக் அமிலம். கால் ஆணிப் பிளாஸ்திரியில் அது 40 சதவீதம் வரை இருக்கும். மரு மருந்தில் 17 சதவீதத்தை ஒட்டி. விட்ஃபீல்டு களிம்பில் 3 சதவீதம். முகப்பருவுக்கு விற்பதில் அரை சதவீதம் முதல் 2 சதவீதம் வரை.

தடித்துப்போன கால் ஆணியைக் கரைக்கும் சரக்கைத்தான் முகத்திலும் தடவுகிறோமா என்று கேட்டால், ஆமாம், அதே சரக்குதான். அளவுதான் வேறு. இந்த அமிலத்தைப் பற்றிய நல்லது கெட்டது இரண்டுமே அந்த அளவிலும், அது எவ்வளவு நேரம் தோலில் இருக்கிறது என்பதிலும் அடங்கியிருக்கிறது. விளம்பரங்கள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. எல்லாப் பருவும் ஒரே பரு இல்லை. இந்த அமிலம் ஒரு வகைப் பருவுக்கு நன்றாக உதவும், இன்னொரு வகைக்குச் சுமாராக உதவும், மற்றொரு வகையில் காலத்தை மட்டும் தின்னும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் காசையும் முகத்தையும் காப்பாற்றும் வழி.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஐரோப்பாவில் காய்ச்சலுக்கும் வலிக்கும் வில்லோ மரத்தின் பட்டையைப் பயன்படுத்திவந்தார்கள். 1828இல் மியூனிக் நகரில் யோஹன் பூக்னர் அந்தப் பட்டையிலிருந்து சாலிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார். பத்தாண்டு கழித்து, 1838இல், இத்தாலியரான ரஃபாயேலே பிரியா அதிலிருந்து அமிலத்தை எடுத்தார். ஜெர்மானிய வேதியியலாளர் கோல்பே கண்ட முறையில் 1870களில் ட்ரெஸ்டன் பக்கம் இதை ஆலையில் தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது, மருத்துவர்கள் கைக்கு எளிதாகக் கிடைத்தது. 1880களில் ஹாம்பர்க்கின் தோல் மருத்துவர் ஊனா, இது தோலின் தடித்த மேற்படலத்தை இளக்குவதைப் பற்றி எழுதினார். 1897இல் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹோஃப்மன் இதே அமிலத்தைக் கொஞ்சம் மாற்றித் தயாரித்ததுதான் ஆஸ்பிரின். நமக்குப் பக்கத்திலும் இந்தக் குடும்பத்துக்கு ஒரு கிளை உண்டு. நீலகிரி மலையில் வளரும் ஒரு புதர்ச்செடியின் இலையிலிருந்து வடிக்கும் விண்டர்கிரீன் தைலத்தில் இருப்பது மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலித் தைலங்களைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசனை அதனுடையதுதான்.

ஆக, இன்ஸ்டாகிராமில் புதிதாகக் கண்டுபிடித்தது போலக் காட்டப்படும் பொருளுக்குத் தோல் மருத்துவத்தில் 140 ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.

பரு எப்படிப் பிறக்கிறது

நம் தோலின் மேற்பரப்பில் இருப்பவை உயிரற்ற செல்கள். தட்டையாக, அடுக்கடுக்காக, ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும். அந்தப் பிணைப்புக்கு டெஸ்மோசோம் என்று பெயர். அடியிலிருந்து புதிய செல்கள் மேலே வரவர, உச்சியில் உள்ள பழைய செல்களின் பிணைப்பு தளர்ந்து அவை தாமாகவே உதிர்ந்துவிடும். நாம் கவனிப்பதுகூட இல்லை. அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்.

முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் ரோமக்கால்களோடு ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஹார்மோன்கள் ஏறும்போது இந்தச் சுரப்பிகள் பெருத்து எண்ணெயைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அதே சமயம் ரோமக்காலின் வாய்க்குள் இருக்கும் செல்கள் ஒழுங்காக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் இந்தச் செல்களும் சேர்ந்து துவாரத்தில் அடைப்பாகிவிடுகின்றன. எல்லாப் பருவுக்கும் தொடக்கம் இந்த அடைப்புதான்.

அடைப்பின் வாய் திறந்திருந்தால் அது கறுத்துத் தெரியும். அதைத்தான் பிளாக்ஹெட் என்கிறோம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. தோலின் மெலனின் நிறமியும், காற்றுப் பட்டு நிறம் மாறிய எண்ணெயும்தான். எனவே எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. வாய் மூடியிருந்தால் தோலின் நிறத்திலோ வெளிறியோ சின்னச் சின்ன மேடாகத் தெரியும், அது ஒயிட்ஹெட். இரண்டிலும் வலி இருக்காது, சிவப்பும் இருக்காது.

அடைபட்ட துவாரத்துக்குள் எண்ணெயும் காற்றில்லாத சூழலும் கிடைத்துவிட்டால், நம் தோலில் எப்போதும் வாழும் கியூட்டிபாக்டீரியம் ஏக்னெஸ் என்ற பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அது பெருக, உடலின் எதிர்ப்பு சக்தி அங்கே திரள, அழற்சி உண்டாகிறது. சிவந்த பரு, சீழ் வைத்த பரு எல்லாம் இந்தக் கட்டத்தில் வருபவை. துவாரத்தின் சுவர் உள்ளுக்குள்ளேயே உடைந்துவிட்டால் அழற்சி ஆழத்துக்குப் போய், கட்டியாக, தொட்டால் உயிர்போகும் வலியோடு நிற்கும். குழித் தழும்பை விட்டுப் போவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்.

அதிக எண்ணெய், துவார அடைப்பு, பாக்டீரியா, அழற்சி என்று நான்கு காரணங்கள் கைகோத்து வேலை செய்கின்றன. இவற்றில் சாலிசிலிக் அமிலம் பிரதானமாகக் கை வைப்பது இரண்டாவதில், அதாவது அடைப்பில். அழற்சியை லேசாகத் தணிக்கும். ஆஸ்பிரினின் உறவுக்காரர் அல்லவா. பாக்டீரியாவைக் கொல்வதில் அது பெரிய சூரன் இல்லை. சுரப்பியை எண்ணெய் சுரக்காதே என்று சொல்லும் வல்லமையும் அதற்குக் கிடையாது. ‘ஆயில் கன்ட்ரோல்’ என்று புட்டியில் போட்டிருந்தால், மேலே வழியும் எண்ணெயைத் துடைத்தெடுக்கும் என்ற அளவுக்குப் பொருள் கொள்ளுங்கள்.

அமிலம் உள்ளே போய் என்ன செய்கிறது

‘அமிலம் தோலைக் கரைக்கிறது’ என்று பொதுவாகச் சொல்வதுண்டு. 2 சதவீத அளவில் நடப்பது அது இல்லை. செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் டெஸ்மோசோம் பிணைப்பைத்தான் இது குலைக்கிறது. பிணைப்பு விட்டதும் உயிரற்ற செல்கள் தாமாக உதிர்கின்றன. ரோமக்காலின் வாயில் ஒட்டிக்கிடந்த செல்களும் அப்படியே கழன்றுவர, அடைப்பு தளர்கிறது.

முகத்துக்கு வரும் அமிலங்களில் இது மட்டும் ஏன் பருவுக்கு என்று தனிப்பெயர் வாங்கியது? கரும்பிலும் இருக்கும் கிளைகாலிக் அமிலம், பாலோடு சம்பந்தப்பட்ட லாக்டிக் அமிலம் ஆகியவையும் உயிரற்ற தோலை நீக்குபவைதான். ஆனால் அவை தண்ணீரில் கரைபவை. வடை பொரித்த சட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றினால் பிசுக்கின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுமே, எண்ணெய் நிறைந்த ரோமக்காலுக்கு முன்னால் அவற்றின் நிலைமையும் அதுதான். சாலிசிலிக் அமிலம் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு லிட்டரில் 2 கிராம் கரைந்தாலே அதிகம். எண்ணெயோடு சேர்ந்துவிடும் குணம் அதற்கு உண்டு. எனவே எண்ணெய் அடைத்த துவாரத்துக்குள் இறங்கி வேலை செய்ய முடிகிறது. மேற்பரப்பின் சொரசொரப்புக்கும் மங்கலுக்கும் கிளைகாலிக் அமிலம் நல்ல துணை. துவாரத்துக்குள் இருக்கும் அடைப்புக்கு சாலிசிலிக் அமிலம்.

இங்கே அட்டையில் போடாத ஓர் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஆனால் அந்த 2 சதவீதத்தில் எவ்வளவு உண்மையில் வேலை செய்யும் நிலையில் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கலவையின் பி.எச். அளவு. பி.எச். எண் கூடி, கலவையின் புளிப்பு குறையக் குறைய அமிலம் உப்பு வடிவத்துக்கு மாறிவிடும். அந்த வடிவத்தில் அது தோலுக்குள் எளிதில் இறங்காது. கணக்குப் போட்டுப் பார்த்தால், பி.எச். 3 என்றால் ஏறக்குறையப் பாதி அமிலம் வேலைக்கு ஆகும். பி.எச். 4 என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 5.5 என்றால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. எனவே ஒரே 2 சதவீதம் போட்ட இரண்டு புட்டிகள் முகத்தில் இரண்டு விதமாக நடந்துகொண்டால் ஆச்சரியப்பட வேண்டாம். அதற்காக பி.எச். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்றும் இல்லை. எரிச்சலும் அதோடு கூடும். நல்ல தயாரிப்பாளர்கள் 3க்கும் 4க்கும் நடுவில் நிறுத்தப் பார்ப்பார்கள்.

அடுத்தது நேரம். ஃபேஸ்வாஷ் முகத்தில் இருப்பது அரை நிமிடமோ ஒரு நிமிடமோ. பிறகு தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். சீரம், ஜெல், லோஷன் போன்றவை இரவு முழுக்கத் தோலில் இருக்கும். ஃபேஸ்வாஷ் அறவே வீண் என்று சொல்ல மாட்டேன். சாலிசிலிக் அமிலம் சேர்த்த முகக்கழுவிகளை வைத்துச் சின்ன அளவில் நடந்த சோதனைகளில் பிளாக்ஹெட், ஒயிட்ஹெட் குறைந்ததுண்டு. ஆனால் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், சாதாரண மென்மையான சோப்பிலோ கழுவியிலோ முகம் கழுவிவிட்டு, தடவிவிட்டு வைத்திருக்கும் வகையை வாங்குவதே புத்திசாலித்தனம். இரண்டையும் சேர்த்துப் போட்டு முகத்தை வறளவிடுகிறவர்கள்தான் நம்மிடையே அதிகம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது

பெரிதாக முழங்கவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., அரை முதல் 2 சதவீதம் வரையான சாலிசிலிக் அமிலத்தை டாக்டர் சீட்டு இல்லாமல் பருவுக்கு விற்கலாம் என்று 1991இல் இறுதியாக விதி வகுத்தது. ஆனால் இந்த அமிலத்தை வைத்து நடந்த சோதனைகளில் பெரும்பாலானவை சிறியவை, பழையவை. 2020இல் காக்ரேன் ஆய்வுக் குழு, பருவுக்குத் தடவும் பல மருந்துகளின் சோதனைகளைத் திரட்டிப் பரிசீலித்தது. சாலிசிலிக் அமிலத்தையும் டாக்டர்கள் எழுதித் தரும் ட்ரெடினாயினையும் ஒப்பிட்டதில், நோயாளிகளே சொன்ன முன்னேற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கூடவே, இந்த ஆதாரத்தின் தரம் குறைவு என்றும் அவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பின்பாதியை விளம்பரக்காரர்கள் யாரும் சொல்வதில்லை.

அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி 2024இல் வெளியிட்ட பரு சிகிச்சை வழிகாட்டி இன்னும் தெளிவு. பென்சாயில் பெராக்சைடு, ட்ரெடினாயின் போன்ற ரெட்டினாய்டு வகைப் பூச்சுகள் ஆகியவற்றுக்கு உறுதியான பரிந்துரை. சாலிசிலிக் அமிலத்துக்கு நிபந்தனையோடு கூடிய பரிந்துரை. அதாவது, உதவும்; ஆனால் முன்வரிசையில் உட்காரும் தகுதிக்குப் போதுமான சான்று இன்னும் சேரவில்லை. என் கருத்தும் அதுதான். நல்ல உதவியாள். தலைமைச் சிகிச்சை என்று நம்பி இதை மட்டும் பிடித்துத் தொங்கக் கூடாது.

உங்கள் பரு எது

மூக்கின் மேலும் தாடையிலும் கறுப்புப் புள்ளிகள், நெற்றியில் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் பொடிப்பொடி மேடுகள், இடையிடையே ஒன்றிரண்டு சின்னச் சிவப்புப் பரு. இப்படி இருந்தால் சாலிசிலிக் அமிலத்தை நம்பித் தொடங்கலாம். இது அதற்கென்றே பிறந்த வேலை.

சிவந்த பருக்களும் சீழ்ப் பருக்களும் நிறைய இருந்தால் இது மட்டும் போதாது. பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் நம் ஊரிலும் கிடைக்கிறது. பாக்டீரியாவை அதுதான் அடிக்கும். தலையணை உறை, துண்டு, சட்டைக் காலரை வெளுக்கவைத்துவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு ஜெல்லை டாக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது.

தாடைக் கோட்டிலும் கழுத்தின் ஓரத்திலும் மாதாமாதம் கட்டிக் கட்டியாக வருகிறது, மாதவிலக்கும் ஒழுங்கில்லை, முகத்தில் ரோமமும் கூடுகிறது என்றால் பிரச்சினை தோலில் இல்லை. பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு மூன்று வகைச் சீரம் வாங்கிப் பயனில்லை.

நம் தட்பவெப்பத்தில் அடிக்கடி தப்பாக எடுத்துக்கொள்ளப்படும் இன்னொன்று உண்டு. நெற்றி, மார்பு, முதுகில் ஒரே அளவில், ஒரே மாதிரி, அரிப்போடு கூட்டமாக வரும் பொரிகள். இது பெரும்பாலும் மலசீசியா என்ற பூஞ்சையால் வரும் ரோமக்கால் அழற்சி. வியர்வையும் புழுக்கமும் உள்ள ஊரில் இது சகஜம். பருவுக்கான ஆன்டிபயாடிக் கொடுத்தால் கூடிவிடும். பூஞ்சைக்கான மருந்து கொடுத்தால் அடங்கும். அரிப்பு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

நெற்றியின் மேல்விளிம்பில், முடி தொடங்கும் இடத்தை ஒட்டி மட்டும் பொடிப் பரு வருகிறதா? தலைக்கு வைக்கும் எண்ணெயைச் சந்தேகியுங்கள். தலையில் வைத்த எண்ணெய் நெற்றிக்கு வழிந்து துவாரங்களை அடைப்பது தோல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. எண்ணெய் வைக்காதே என்று சொன்னால் வீட்டில் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடுங்கள், இரவில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள் என்றால் ஒத்துக்கொள்வார்கள்.

பரு போன இடத்தில் நிற்கும் கறை இன்னொரு விஷயம். நம் நிறத் தோலில் அழற்சி எங்கு வந்தாலும் அங்கே கறுப்புத் தடம் விழும். பலருக்குப் பருவைவிட இந்தத் தடம்தான் வேதனை. சாலிசிலிக் அமிலம் மேல்படலம் உதிர்வதைத் துரிதப்படுத்துவதால் ஓரளவு உதவலாம். ஆனால் வெயில் படாமல் காப்பதும், தேவைப்பட்டால் அசெலாயிக் அமிலமும் அதைவிடக் கூடுதலாக உதவும். குழி விழுந்த தழும்பை எந்தச் சீரமும் நிரப்பாது. நிறத்தை வெளுப்பாக்கும் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

போடும் முறை

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று இரவு போதும். முகத்தைக் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்து, நன்றாக உலர்ந்த பிறகு மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். பரு வந்த புள்ளியில் மட்டும் வைப்பதில் அர்த்தமில்லை. அடைப்பு வரக்கூடிய பகுதி முழுக்கத் தடவ வேண்டும், ஏனென்றால் இது அடுத்த பருவைத் தடுக்கும் மருந்து. கண்ணைச் சுற்றியும் உதட்டோரமும் மூக்கு மடிப்பிலும் தவிருங்கள். மேலே வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் ஒன்று. எரிச்சல் இல்லாவிட்டால் மெல்ல மெல்ல ஒவ்வோர் இரவும் போடலாம்.

தோல் கண்ணுக்குத் தெரிய உரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நேர்மாறு. 2 சதவீதத்தில் சரியாகப் போட்டால் எதுவும் உரிவது தெரியாது. தோல் இழுத்துப் பிடிப்பது, சிவப்பது, தண்ணீர் பட்டாலே எரிவது ஆகியவை அளவு மீறியதன் அடையாளம். நிறுத்திவிட்டு ஒரு வாரம் மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டால் சரியாகிவிடும். ‘முதலில் பரு கூடத்தான் செய்யும், பயப்படாதீர்கள்’ என்று விற்பவர்கள் சமாதானம் சொல்வார்கள். ரெட்டினாய்டில் தொடக்க வாரங்களில் அப்படி நடப்பதுண்டு. சாலிசிலிக் அமிலம் போட்டு ஒரு மாதமாகியும் கூடிக்கொண்டே போனால் அது சமாதானம் தேட வேண்டிய விஷயமில்லை, நிறுத்த வேண்டிய விஷயம்.

இதைப் போடும் காலத்தில் வேறு எதையும் வைத்துத் தேய்க்காதீர்கள். பீர்க்கங்காய் நாரும் நலங்கு மாவும் கை காலுக்கு நல்லவைதான். பரு உள்ள முகத்தில் எதை வைத்து உரசினாலும் அழற்சி கூடும், கறை கூடும். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துப்போகும். பற்பசையைப் பருவில் வைப்பதும் எரிச்சலைத் தவிர எதையும் தராது. கிள்ளுவது எல்லாவற்றிலும் மோசம்.

வெயில் பற்றி ஒரு குறிப்பு. கிளைகாலிக் அமிலம் புற ஊதாக் கதிருக்குத் தோலைக் கூசவைப்பது சோதனையில் உறுதியானது. 2009இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சாலிசிலிக் அமிலம் அப்படிச் செய்யவில்லை. நம் வெயிலுக்கு இது ஒரு சாதகம். ஆனாலும் பருக் கறை கறுப்பதே வெயிலால்தான் என்பதால் சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள்.

பலன் தெரிய 8 முதல் 12 வாரம். தோல் செல்கள் அடியிலிருந்து மேலே வர எடுக்கும் காலத்தைப் பார்த்தோமே, அதனால்தான். பத்து நாளில் புட்டியை மாற்றுகிறவர்களுக்கு எந்த மருந்தும் பிடிபடாது.

எச்சரிக்கைகள், குறிப்பாக ஒன்று

தோல் மருத்துவர்கள் தங்கள் மருத்துவமனையில் 20, 30 சதவீதச் சாலிசிலிக் அமிலத்தைப் பூசிச் சில நிமிடத்தில் அகற்றும் சிகிச்சை செய்கிறார்கள். கெமிக்கல் பீல் என்பது அதுதான். பூசியதும் அமிலத்தைக் கரைத்த ஆல்கஹால் ஆவியாகி அமிலம் வெள்ளைப் படிகமாகத் தோலின் மேல் நின்றுவிடும். அதற்கு மேல் உள்ளே இறங்காது. அதனால் கறுத்த தோலுக்கும் ஓரளவு பாதுகாப்பானது. 1999இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் பேர்ல் கிரைம்ஸ், கறுத்த நிறமுடைய 25 பேரிடம் இதைச் செய்துபார்த்து நல்ல பலனைப் பதிவு செய்தார். ஆனால் அது தெரிந்த கை செய்தது. இணையத்தில் 30 சதவீதப் புட்டியை வாங்கி வீட்டுக் குளியலறையில் பரிசோதனை செய்தால் மிஞ்சுவது புண்ணும் கறையும்.

ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். முகம் வீங்குதல், மூச்சுத் திணறல் போன்ற கடும் ஒவ்வாமை அபூர்வமாக வருவதைக் குறிப்பிட்டு எஃப்.டி.ஏ. 2014இல் எச்சரிக்கை விட்டது. முதல் மூன்று நாள் சிறு இடத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள் என்பது அதன் அறிவுரை. கர்ப்பிணிகள் முகத்தில் சிறிதளவு போடலாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் சொல்கிறது. உடம்பு முழுக்கவோ, அதிகச் சதவீதத்திலோ கூடாது. சின்னக் குழந்தைகளுக்குப் பெரிய பரப்பில் தடவினால் இரத்தத்தில் ஏறிக் காதிரைச்சல், குமட்டல் வரும். சர்க்கரை நோயாளிகள் கால் ஆணிப் பிளாஸ்திரியைத் தாங்களாக ஒட்டவே கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் 40 சதவீத அமிலம் நல்ல தோலைத் தின்பது தெரியாமலே புண்ணாகிவிடும். முகப்பருவுக்குச் சம்பந்தமில்லாத செய்திதான். ஆனாலும் நம் ஊரில் சொல்லாமல் விடக்கூடாத செய்தி.

இப்போது அந்த ஒன்று. மருந்துக்கடையில் ‘சாலிசிலிக் ஆயின்ட்மென்ட் கொடுங்கள்’ என்று வாய்மொழியாகக் கேட்டால், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்பு கைக்கு வந்துசேர வாய்ப்பு உண்டு. சொரியாசிஸ், தடித்த எக்சிமா போன்றவற்றுக்கு டாக்டர் எழுதித் தரும் மருந்து அது. முகத்தில் தடவினால் முதல் வாரம் பரு அமுங்கி முகம் பளிச்சென்று ஆகிவிடும். அதுதான் பொறி. போகப் போகத் தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிந்து, நிறுத்தினால் முன்னைவிட அதிகப் பரு கிளம்பும். தோல் மருத்துவர்கள் நாள்தோறும் பார்க்கும் துயரம் இது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டு போராடிய பிறகு, 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. சீட்டு கேட்காமல் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அட்டையில் ‘சோன்’, ‘சால்’ என்று முடியும் பெயர் எதுவும் சாலிசிலிக் அமிலத்தோடு சேர்ந்திருந்தால் அது முகத்துக்கானது இல்லை. அந்தக் களிம்பை ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவிவருகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிப் படிப்படியாக விட வேண்டும்.

12 வாரம் ஒழுங்காகப் போட்டும் மாற்றமில்லை என்றாலோ, பரு கட்டியாகி வலித்தாலோ, குழி விழத் தொடங்கினாலோ சீரத்தில் இனியும் காலம் கடத்தாதீர்கள். அந்தக் கட்டத்துக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை உட்பட நல்ல மருந்துகள் இருக்கின்றன. அவற்றைக் கண்காணிப்போடுதான் எடுக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளிச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. விழுந்த குழியைப் பிறகு சரிசெய்ய ஆகும் செலவோடு பார்த்தால் ஒரு காலைப்பொழுது அங்கே வரிசையில் நிற்பது ஒன்றும் பெரிதில்லை. வீட்டில் பருவோடு கூசிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும் பிள்ளை இருந்தால், ‘வயசுக் கோளாறு, தானா போயிடும்’ என்று தள்ளிவிடாமல் அழைத்துப்போங்கள்.